தூக்கத்தில் தந்தி அடித்த கை

நான்கு புள்ளி அடித்தேன், ஐந்து போயிற்று. தந்திக் கருவியைக் குறை சொன்னேன். கம்பியைக் குறை சொன்னேன். நான் இல்லாத நேரத்தில் பக்கத்து மேஜை ஞானமுத்து திருகாணியைத் தளர்த்திவிட்டான் என்றுகூட நினைத்தேன். கையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக என் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்ட கை அது.

இதே நோயோடு எங்கேயோ உட்கார்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: முதலில் கையைச் சந்தேகியுங்கள். மனிதர்கள் அப்புறம்.

பிறகு மணிக்கட்டு இறுகத் தொடங்கியது. தந்திக் குமிழைத் தொட்டதும் விரல்கள் பிடிபட்ட நண்டுபோல உள்ளே மடங்கும். வேறு எதற்கும் மடங்காது. பொத்தான் போடும், சவரம் செய்யும், எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும். அதுதான் வினை. மேல்நிலைப் பதவிக்கான வேகத் தேர்வில், சூப்பிரண்டெண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாதி வாக்கியத்தில் என் கை கல்லாயிற்று. என் பின்னால் வந்தவர்கள் தேறினார்கள். என்னைப் பொதுஜனங்களிடம் தந்தித்தாள் வாங்கும் ஜன்னலுக்கு அனுப்பினார்கள்.

“என்னா பிரதர், பிரியாணிக்கு மட்டும் கை புடிச்சுக்கமாட்டேங்குதே?” என்றான் ஞானமுத்து.

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆபீஸ் அனுப்பிய டாக்டர் அதிகம் பேசாதவர். கைக்கு மின்சாரம் பாய்ச்சினார். மரச்சட்டம் வைத்துக் கட்டினார். பெயர் மட்டும் சொன்னார்: ஆக்குபேஷனல் கிராம்ப் (ஒரே தொழிலைச் செய்து செய்து, அந்தத் தொழிலுக்கு மட்டும் தசை இறுகிப்போவது). நான் சட்டைப் பொத்தானைப் போடுவதை அவர் சுவர்க் கண்ணாடியில் பார்த்தார். அவர் பார்ப்பதை அதே கண்ணாடியில் நான் பார்த்தேன். நடிப்பு என்று அவர் ஒரு வார்த்தை எழுதினால் வேலை போகும்.

மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விட்டேன். கருவியின் பக்கம் போவதை விட்டேன், ஜன்னல் வேலைக்கும் லீவு எழுதிக் கொடுத்தேன், சவரத்தை விட்டேன், மாலையில் வெளியே போவதை விட்டேன். முயன்று தோற்பதைவிட நோயாளியாகப் படுத்திருப்பது சௌகரியம். அந்தச் சௌகரியமே என்னைப் பயமுறுத்தியது. நோயால் தோற்றேனா, தோல்வியை மறைக்க ஒரு நோயைப் பிடித்துக்கொண்டேனா? கையை மடியில் வைத்து, வேறொருவன் விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்ப்பேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்த மத்தியானம். கண் விழித்தபோது என் மனைவி பிலோமினா என் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன பாக்கற?”

“ஒண்ணுமில்லங்க.”

“சொல்லு.”

“தூக்கத்துல என் தோள் மேல தந்தி அடிக்கிறீங்க. கடகடன்னு. தடங்கலே இல்ல. ரொம்ப நாளா இப்பிடித்தான்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்னா ஆவப்போவுது? வேலைக்குப் போவ இஷ்டமில்லாம நடிக்கிறீங்கன்னு நெனச்சேன். பரிச்சையில மானம் போன மனுஷன், கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். டாக்டராண்ட மட்டும் உளறி வெக்காதீங்க. சோத்துக்கே பேஜாராயிடும்.”

அவள் என்னை நம்பவில்லை. நம்பாமலேயே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும், நான் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

“டாக்டர், என் கை தூக்கத்துல நல்லா அடிக்குதாம். நான் நடிக்கிறேனா? நீங்களே சொல்லுங்க.”

முதல்முறையாக அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதைச் சொல்ல எவ்வளவு பயந்திருப்பீங்க! தூங்கினா இந்தப் பிடிப்பு விட்டுடும், சார். உங்க சம்சாரம் பார்த்தது நோய்க்குச் சாட்சி. பொய்க்கு இல்ல.”

“அப்போ கை சரியாயிடுமா?”

“வலதைப் பத்தி வாக்குக் குடுக்க மாட்டேன். இடதுன்னு ஒண்ணு இருக்கே, அதை ஏன் சும்மா வெச்சிருக்கீங்க?”

ஆறுதலுக்குச் சொன்னாரோ என்று வழியெல்லாம் அந்தச் சொற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. நடிக்கவில்லை என்று தெரிந்தபின், படுத்துக்கிடக்க எனக்குச் சாக்கு இல்லாமல் போயிற்று.

அல்சூர் ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்து இடது விரலால் தட்டிப் பழகினேன். புள்ளி கோடாயிற்று, கோடு குழறலாயிற்று. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், “தாளம் எல்லாம் பலமா இருக்குதே சாமி, எந்தக் கச்சேரிக்கு?” என்றார். “பாடறவரு இன்னும் வரலப்பா” என்றேன். வெகு நாளைக்குப் பின் நானாகச் சொன்ன வேடிக்கை அது. அன்று இருட்டும்வரை தட்டினேன்.

மழைக்காலம் போய்ப் பனி வந்தபோது சூப்பிரண்டெண்டு மறுபடி சோதித்தார், இந்தமுறை இடது கையை. மேல்நிலைப் பதவி இனி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வேகம் தேவைப்படாத கம்பி ஒன்றில் உட்கார வைத்தார்.

மறுமுனையில் மதராஸ்காரர் ஒருவர். முகம் பார்த்ததில்லை. ஆனாலும் தந்திக்காரர்கள் ஒருவரையொருவர் தட்டும் ஓசையிலேயே அறிவோம், அடுத்த அறையில் இருமுவது யார் என்று அறிவதுபோல. என் பெயரின் எழுத்துகளை அனுப்பினேன்.

“பொய்” என்று திரும்பி வந்தது. “அவர் கை எனக்குத் தெரியும். நீ யார்?”

வாதாட வாய்வரை வந்தது. பிறகு, மடித்து வைத்த என் வலது கையைப் பார்த்தேன். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

“புது ஆள்” என்று அடித்தேன்.

“சரி. மெதுவாக அனுப்பு. காத்திருக்கிறேன்.”

ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே இத்தனை இடம் இருப்பதை நான் அறிந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜட்கா வண்டி முழுத்தெருவையும் கடந்து போயிற்று. ஒருமுறை மூச்சு இழுத்து விட்டேன். பிறகு அடுத்த எழுத்தைத் தொட்டேன்.