எல்லாருமே தம்பிதான்

நேற்று வரைக்கும் "விமல் அண்ணன்" என்று சொல்லிக்கொண்டிருந்த என் மகள், இன்று போனில் வெறும் "விமல்" என்றாள். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

என் அத்தையின் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பேசி முடிப்பது அத்தைதான். வாரமெல்லாம் கொழுந்து பறிப்பார். ஞாயிற்றுக்கிழமை குடையும் பெண்களின் போட்டோக்களுமாகக் கிளம்பிவிடுவார். துணைக்கு நான். முப்பத்தைந்து வயதாகியும் அவருக்கே ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. மாப்பிள்ளைகள் எல்லாருமே அவருக்குத் தம்பிதான், தலை நரைத்தவர்கள்கூட.

கந்தப்பளை கடைவீதியில் ஒரு டெய்லர். ஐந்து பெண்களின் போட்டோ காட்டியும் பிடிகொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்து, "அடுத்த ஞாயிறும் வாங்க" என்பார். ஆறாவது போட்டோவையும் வேணாம் என்றதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்களுக்கு என்னதான் வேணும் தம்பி?"

டெய்லர் மெஷினை நிறுத்தினார். "மொதல்ல என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க."

அத்தை போட்டோக்களை அள்ளிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். குடையைக் கடையிலேயே மறந்திருந்தார். மழையில் நனைந்துகொண்டே சிரித்தார். அடுத்த ஞாயிறு குடையை எடுக்கத் தனியாகப் போனவர், தன் கல்யாணத்தையே பேசி முடித்துவிட்டு வந்தார்.

மகள் போனை வைத்தாள்.

"ஞாயித்துக்கிழம சாப்பிட வரச் சொல்லு."

"யாரைம்மா?"

"நேத்து வரைக்கும் ஒனக்கு அண்ணனா இருந்தாரே, அவரைத்தான்."