திட்டு, வரையிறேன்

தெருவில் அவளுக்கு ‘இடியக்கா’ என்று பெயர். பள்ளிச் சீருடை தைக்கும் கடையை ஒற்றை ஆளாக நடத்தியவள். அளவெடுக்கும்போது நெளிகிற பிள்ளைகள், அவள் ஓர் அதட்டல் போட்டால் கம்பமாக நிற்பார்கள். கல்லீரலில் கட்டி வந்து, “இனி வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க” என்று டாக்டர் கைவிரித்த பிறகும் குரல் மட்டும் இறங்கவில்லை.

கணவர் ஓவியர். கேட்டவர்களுக்கெல்லாம் முகம் வரைந்து கொடுத்தவர், கட்டியவளை ஒருநாளும் வரைந்ததில்லை. இப்போது கட்டிலுக்கு எதிரே படத்துணியைச் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுப்புடவை கட்டி எதிரே போய் நின்றபோதெல்லாம் நிமிர்ந்து பார்க்காத மனுஷன், கன்னம் ஒட்டி, கண் மஞ்சளித்துக் கிடக்கும்போது வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார்!

“தண்ணி குடுங்க.”

“கொஞ்சம் அசையாம இரு. கழுத்து நிழல் போயிடும்.”

“என் உசுரே போகுது, உங்களுக்கு நிழல் போகுதா?”

கத்திய கத்தலில் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மகள் கொடுத்த தண்ணீரை இடியக்கா குடித்துவிட்டு, “அந்தப் படத்தை இப்படித் திருப்புடி” என்றாள்.

படத்தில் ஒருத்தி கண்ணை மூடி, உதட்டோரம் சிரிப்போடு சாந்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“யாருடி இவ?”

“நீதாம்மா.”

“நான் என்னைக்குடி இப்படி வாய மூடிக்கிட்டுக் கிடந்தேன்? உசுரோட இருக்கும்போதே பொணமாக்கிட்டாரே உங்கப்பா!”

“நிம்மதியா இருக்கிற மாதிரி இருக்கட்டும்னுதான்...” என்று இழுத்தார் ஓவியர்.

“நிம்மதி உங்களுக்கு. எனக்கு வயித்தெரிச்சல். அதை வரைய வருமா உங்களுக்கு?”

அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கந்தல் துணியை எண்ணெயில் நனைத்து, ஈரம் காயாத அந்த முகத்தை வழித்தெடுத்தார். நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டார்.

“திட்டு. கேட்டுக்கிட்டே வரையிறேன்.”

திட்டினாள். கல்யாணமான புதிதில் நடந்ததிலிருந்து ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியபோது நிறுத்தினாள். அவர் தண்ணீரை நீட்டினார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது.

முடிந்ததைப் பார்த்தாள். மஞ்சள் கண் முறைத்தது, வாய் பாதிச் சொல்லில் திறந்திருந்தது.

“இது நான்தான். அதுக்காக உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க.”

மன்னிக்காமலேதான் போனாள்.

துக்கம் கேட்க வந்த அவருடைய அண்ணி, கூடத்துச் சுவரைப் பார்த்து முகம் சுளித்தாள். “படத்துலகூட முறைக்கிறாளே! சிரிச்ச முகமா வேற ஒண்ணு இல்லியா?”

“இல்ல!” என்று ஓவியர் கத்தினார். அந்த மனிதர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதே இல்லை.