அகலக் கதவு அறை

செவ்வாய்க்கிழமை காலையில், கப்பல் டிக்கெட் விற்கும் எங்கள் அலுவலகத்தில் யாரும் சல்லடையிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். கொடுத்தாலும் காதில் ஏறாது. உல்லாசக் கப்பல் கம்பெனிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல அன்றைக்குத்தான் சலுகைகளை மாற்றும். போன வாரம் வைஃபை இலவசம் என்றவன் இந்த வாரம் அதைப் பிடுங்கிக்கொண்டு பானச் சீட்டு தருவான். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் ஜூஸோ காபியோ மதுவோ நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கலாம். இன்னொருவன் டிப்ஸ் சேர்த்திருப்பதாகச் சொல்வான். மூன்றாமவன் கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பஸ்ஸைச் சேர்த்திருப்பான், ஆனால் பால்கனி அறைக்காரர்களுக்கு மட்டும் என்று கீழே எறும்பு எழுத்தில் போட்டிருப்பான். சல்லடை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பென்சிலால் கட்டம் போட்ட தாளில் ஏற்றுவாள். அலுவலகத்தில் மூன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. அவளுக்குப் பென்சில்தான்.

பத்தொன்பது வருடமாகப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான். அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். எனக்கு விற்கத் தெரியும். ஜன்னல் வைத்த அறையைக் கேட்டு வந்தவரை பால்கனிக்கு ஏற்றி அனுப்புவேன். அவளுக்கு விற்கத் தெரியாது, விசாரிக்கத்தான் தெரியும். வந்தவரை உட்காரவைத்து, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், சாப்பிட்டதும் தூங்குவீர்களா, கூட்டத்தில் எரிச்சல் வருமா என்று பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி துருவுவாள். ஒருமுறை ஒரு பல் டாக்டரும் மனைவியும் பானச் சீட்டு கிடைக்கும் கப்பல்தான் வேண்டும் என்று நின்றார்கள். ஒரு நாளைக்கு என்ன குடிப்பீர்கள் என்று இவள் கேட்டாள். காலையில் ஒரு காபி, சாயங்காலம் ஒரு காபி என்றார்கள். கம்பெனிக்காரன் ஓசியாக எதையும் தருவதில்லை, டிக்கெட்டுக்குள் புகுத்தித்தான் தருகிறான், நீங்கள் யாரோ குடிப்பதற்குச் சேர்த்துக் கொடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லி, துணி துவைத்துத் தரும் வேறொரு கப்பலில் அவர்களை ஏற்றினாள். டாக்டர் அம்மா ஒரு வாரம் சோப்பைத் தொடவில்லை என்று அடுத்த வருடமும் வந்து நின்றார். என்னிடம் வாங்கியவர்கள் அப்படித் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. பொறாமைதான், ஒளிப்பானேன்.

அவளிடம் இன்னொரு வித்தை இருந்தது. பதிவு செய்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று நாங்கள் காலை நீட்டிவிடுவோம். அவள் விடமாட்டாள். கப்பல் கிளம்ப மூன்று மாதம் இருக்கும்வரை செவ்வாய்தோறும் பழைய பதிவுகளை எடுத்துப் பார்ப்பாள். அதே விலைக்கு நல்ல சலுகை வந்திருந்தால் பழைய பதிவை ரத்து செய்து, அதே அறையைப் புதுச் சலுகையில் மறுபடி பிடிப்பாள். விட்டுப் பிடிப்பது என்று எங்களுக்குள் பேச்சு. விட்ட அறை பொதுப் பட்டியலுக்குத் திரும்பி வர ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த மூச்சுக்குள் வேறு யாரும் கொத்திவிடக் கூடாது. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. அவள் நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறாள், ஒன்றுகூட நழுவியதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட சல்லடைக்குப் போக்கிடம் அந்த வீடு ஒன்றுதான். ஆறு வருடத்துக்கு முன் அக்கா மாடிப்படியில் விழுந்து, இடுப்புக்குக் கீழே கால்கள் அசையாமல் போய்விட்டன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஒரு கண் மருத்துவமனைக்கு வீட்டிலிருந்து போன் பேசி நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருகிறாள். அவள் கணவர் மரச்சாமான் கடையில் டெலிவரி ஆள். பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மூன்று மாடி ஏறுகிறவர். நாற்காலியிலிருந்து அக்காவைப் படுக்கைக்கும் குளியலறைக்கும் தூக்கிப் போவதும் அவர்தான். வேறு யாரையும் தொடவிட மாட்டார். எங்கள் அலுவலகப் பெண்கள் எல்லோரும் புருஷன் என்றால் அவர்தான் என்று உதாரணம் காட்டுவோம். என் வீட்டுக்காரரிடம் நானே இரண்டு தடவை காட்டியிருக்கிறேன். பலன் ஒன்றும் இல்லை.

அந்த அக்கா போன வருடம் தானாக வாயைத் திறந்து, ஒரு கப்பலில் போய்விட்டு வர வேண்டும் என்று கேட்டாள். விழுந்த பிறகு அவள் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. சல்லடைக்குக் கால் தரையில் பாவவில்லை. சக்கர நாற்காலி நுழைகிற அறைகளை நாங்கள் அகலக் கதவு அறை என்போம். ஆயிரம் அறைக்கு மேல் இருக்கிற கப்பலில் அது பதினாறு இருந்தால் அதிகம். அலைந்து திரிந்து, பதினோரு மாதம் முன்கூட்டியே அப்படி ஒன்றைப் பிடித்துவிட்டாள். ஏழு இரவு. அக்காவின் கணவரும் கடையில் லீவு சொல்லிவிட்டார்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அதே கப்பல், அதே தேதி, அதே விலை. புதிதாகப் பானச் சீட்டு, டிப்ஸ், கரையில் இரண்டு சுற்றுலா. வேறு யாருக்காவது என்றால் பானச் சீட்டு இவர்களுக்கு எதற்கு என்று கேட்டிருப்பாள். சொந்த அக்கா என்றதும் எல்லாமே வேண்டும்போல் இருந்திருக்கிறது. கை அரித்தது. விட்டாள். பிடிக்கப் போனாள்.

அறை வரவில்லை.

சாதாரண அறைகள் பொதுப் பட்டியலுக்குத் திரும்பும். அகலக் கதவு அறைகளுக்குத் தனியாக ஒரு காத்திருப்பு வரிசை உண்டு. விட்ட நொடியில் அது வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். இது அவளுக்குத் தெரியாததில்லை. எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். பழகிய கை மூளையைக் கேட்காமல் ஓடிவிட்டது. பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்ட கதை. கம்பெனிக்குப் போன் போட்டாள், மேலதிகாரியைக் கேட்டாள், அவருக்கும் மேலே போனாள். கடைசியில் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: அது இன்னொரு நாற்காலிக்காரருக்குப் போயிருக்கிறது, அவரிடமிருந்து பிடுங்கித் தரச் சொல்கிறீர்களா? சல்லடை போனை வைத்துவிட்டாள். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. மத்தியானம்வரை பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில், ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

தனியாகப் போய்ச் சொல்லத் தைரியமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒற்றைப் படுக்கையறை வீடு, சொந்த வீடு. கூடத்தில் போனும் நோட்டும் வைத்த மேஜை, அதை ஒட்டி நாற்காலி. மூன்றடி தள்ளிக் குளியலறை. அதன் கதவு நாற்காலியைவிடக் குறுகல், வாசலில் ஒரு படி வேறு. அக்காவின் கணவர் வேலைக்குப் போயிருந்தார்.

சல்லடை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே மாற்று ஏற்பாட்டுக்கும் தாவினாள். அதே கப்பலில் சாதாரண அறை இருக்கிறது, பால்கனி இருக்கிறது, பானச் சீட்டு உண்டு. குளியலறைக்குள் மட்டும் நாற்காலி போகாது, ஆனால் மாமாதான் கூடவே இருக்கிறாரே, வீட்டில் தூக்குவதுபோலத் தூக்கிவிடுவார், கடல் எங்கிருந்து பார்த்தாலும் கடல்தானே என்றாள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் முகத்தில் மெல்லத்தான் ஏறியது.

"கடலப் பாக்கவா நான் கேட்டேன்?"

அக்கா மேஜையில் இருந்த நோட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீ கொண்டுவந்த புத்தகத்துல அந்த ரூமோட பாத்ரூம் படம் இருந்துச்சு. படி இல்ல, கதவு பெருசு, சுவத்துல பிடிச்சுக்கக் கம்பி. ஏழு நாள் நானே போய், நானே குளிச்சு, நானே வரலாம்னு பாத்தேன். என் கைக்கு என்ன கேடு? இடுப்புக்குக் கீழதானே போச்சு."

வீட்டிலேயே கதவை இடித்துப் பெரிதாக்கியிருக்கலாமே என்று நான் குறுக்கே வாயை விட்டேன். அவள் என்னைக் கோபிக்கவில்லை. அவருக்குத் தன்னைத் தூக்குவது ஒரு பெருமை என்றாள். கடையில் எல்லோரிடமும் சொல்வாராம். கதவை இடியுங்கள் என்றால் உன்னைத் தூக்கி நான் சலித்துக்கொண்டேனா என்று கேட்பார், மனசு ஒடிந்துபோவார். கப்பல் என்றால் கதவைக் கம்பெனிக்காரன் வைத்தான், இவள் கேட்கவில்லை. யாருக்கும் வருத்தம் இருக்காது. அந்தக் கணக்கை இத்தனை மாதமாக மனசுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். பத்தொன்பது வருடமாக ஊரில் உள்ளவரையெல்லாம் குடைந்தெடுத்த சல்லடை, இவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பானச் சீட்டுக்காகத்தான் மாற்றினாயா என்று அக்கா கேட்டாள். சல்லடை தலையாட்டினாள்.

"மாமா காலைல எட்டு மணிக்குக் கிளம்புனா ஒரு மணிக்குத்தான் சாப்பிட வருவாரு. அதுவரைக்கும் நான் தண்ணி குடிக்க மாட்டேன். குடிச்சா போகணும்ல. ஆறு வருஷமா மணி பாத்துத்தான் தண்ணி குடிக்கிறேன். எனக்குப் போய் அளவில்லாம குடிக்கிற சீட்டு வாங்குனியா நீ?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இதையெல்லாம் மாமாவிடம் சொல்லிவிடாதே என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். என்னிடமும். திரும்பி வரும்போது பஸ்ஸில் சல்லடை அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஐந்து வாரம் அவள் சலுகைப் பக்கங்களைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டு, அகலக் கதவு அறை இருக்கிறதா, குளியலறையில் படி உண்டா என்று இரண்டே கேள்வி. நூல் பிடித்துக்கொண்டு போய், கடைசியில், வரிசையில் காத்திருக்க ஆளில்லாத ஒரு பழைய கப்பலில் ரத்தான அறை ஒன்று சிக்கியது. ஐந்து இரவு. பால்கனி இல்லை, ஜன்னல்கூட இல்லை, அறை கப்பலின் வயிற்றுக்குள் இருந்தது. சலுகை என்று பெயருக்குக்கூட எதுவும் கிடையாது. தண்ணீர் பாட்டில்கூடக் காசுக்குத்தான். இதை எந்த வாடிக்கையாளருக்காவது நான் விற்றிருந்தால் அவளே என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அக்கா உடனே சரி என்றாள். கடைக்காரரிடம் லீவை மாற்றிக் கேட்டு, மாமாவும் கிளம்பினார்.

போய் வந்து பத்து நாள் ஆகியிருக்கும். அக்கா போனில் நன்றாக இருந்தது என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாளாம். சல்லடைக்கு அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மாமா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் அந்தப் பெரிய உடம்பை ஒடுக்கி உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. சல்லடை பென்சிலைக் கீழே வைத்தாள்.

அவர் சுற்றி வளைத்துத்தான் பேசினார். கப்பல் ஆடவே இல்லை என்றார், சாப்பாடு பரவாயில்லை என்றார். பிறகு முதல் நாள் காலையைச் சொன்னார். வழக்கம்போலத் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றிருக்கிறார். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் அவரைக் கூப்பிடவில்லை. விழுந்துவிட்டாளோ என்று பதறிப் போய்த் தட்டியிருக்கிறார்.

"போய்க் கடலப் பாருங்கன்னு சொன்னா. உள்ள இருந்துக்கிட்டே."

அவர் மேலே போய் நின்றாராம். எவ்வளவு நேரம் என்று தெரியாதாம். திரும்பி வந்தபோது அவள் தலை சீவிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்துக்கொண்டிருந்தாள். பகலில் அவள் அப்படிக் குடித்து அவர் பார்த்ததில்லை. ஐந்து நாளும் பார்த்திருக்கிறார்.

"உங்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்காளா?"

சல்லடை என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

"இல்ல மாமா," என்றாள்.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. உள்ளங்கைகளை விரித்து, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"அந்தக் கப்பல் பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்னு கேட்டுச் சொல்லும்மா. காலையில சுவத்த இடிச்சாச்சு, கொத்தனார் நின்னுக்கிட்டிருக்காரு."