மிரியம் அக்காவின் 'ஷ்மோர்'

வியாழன் காலை மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மிரியம் அக்காவின் மகன் தானியேல் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா போய்விட்டார்" என்றார். ஜேர்மனியில், ஹம் நகரில் என் கடைக்கு வருகிற உங்களுக்கு அந்த அம்மாவைத் தெரியும். ஹைஃபாவில் பிறந்த யூதப் பெண்மணி. நாங்கள் 'வெண்டிக்காய் அக்கா' என்று கேலி பண்ணிய மிரியம் அக்கா.

வெண்டிக்காயில்தான் பழக்கம் தொடங்கியது. "ஒரு கிலோ எனக்கு ஷ்மோர்" என்பார். மற்றதெல்லாம் ஜேர்மன் மொழியில். எபிரேயத்தில் 'எடுத்து வை' என்பதுதான் அது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஹனோவர் ரயிலில் தன் பையை என் மடியில் வைத்து, "ஷ்மோர்" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். பனியில் நான் மூட்டை தூக்கினால், உடம்பைக் கவனி என்பதற்கும் அதே சொல். தன் நோயை என்னிடம் சொன்ன அன்று, வெளியே விடாதே என்பதற்கும் அதே சொல்தான்.

"அக்கா, ஒரு சொல்லை வைத்து எத்தனை யாவாரம்!" என்றேன்.

"நீ ஒரே கடையில் அரிசியும் விற்கிறாய், சூட்கேசும் விற்கிறாய். நான் ஏதும் கேட்டேனா?"

அந்த வியாழன் தொலைபேசியில் தானியேல் ஒன்று கேட்டார். ஞாயிறு அடக்கம் வரை அம்மாவைத் தனியே விடக்கூடாது, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அது தங்கள் வழக்கம் என்றார். அதற்கும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். "எங்கள் ஆட்கள் குறைவு. வெள்ளி பின்னேரம் நீங்கள் கொஞ்ச நேரம் இருப்பீர்களா?"

சனிக்கிழமை மகளின் சாமத்தியவீடு, அவள் பெரியபிள்ளையான சடங்கு. மண்டபம், சாப்பாடு எல்லாம் சொல்லியாயிற்று. செத்தவீட்டுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, மண்டபத்தில் எப்படி நிற்பது? "காவலுக்கு நல்ல ஆள் ஒருவரை என் செலவில் அனுப்புகிறேன்" என்றேன்.

"கூலிக்கு ஆள் பிடிக்க எனக்கும் தெரியும்" என்றார் தானியேல். "அம்மாவுக்குப் பழகின ஒருவர் இருக்கட்டும் என்று கேட்டேன்."

வீட்டில் சொன்னதும் மனைவி வசந்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"சாமத்தியவீட்டுக்கு அவவுக்குக் கார்ட் குடுத்தனாங்கள் தானே?"

"ஓம்."

"உயிரோட வந்தா முன்வரிசை, செத்தா துடக்கோ? நீங்கள் மண்டபத்தைப் பாருங்கோ. நான் போறன்."

போனாள். இரவு திரும்பித் தலை முழுகினாள். மறுநாள் மகளுக்குச் சேலை உடுத்திவிட்டாள். வந்தவர்கள் வயிறாறச் சாப்பிட்டார்கள். வசந்தி செத்தவீட்டுக்குப் போனதைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு கதை இல்லை. நான் பயந்தது யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை.

அடக்கத்தில் கடைசி வரிசையில் நின்றேன். தானியேல் தேடி வந்து என் கையைப் பிடித்தார். "உங்கள் வீட்டிலிருந்து வந்தீர்களே, நன்றி." வசந்தி பக்கத்தில்தான் நின்றாள். நான் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

சரக்கைப் பத்திரப்படுத்த எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மனிதருக்குப் பக்கத்தில் சும்மா இருக்கத்தான் வரவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, வசந்திக்குச் சேர வேண்டிய அந்த நன்றி ஒன்றுதான்.