நான் சொல்லாத முடிவு

சோமனூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. அங்கே ஒரு புத்தக அலமாரி இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டரம்மா வரும்போது திறந்து, தூசி தட்டிக் காட்டிவிட்டு மறுபடியும் பூட்டிவிடுவார்கள். வைக்கோற்போரில் படுத்த நாய் என்று தலைமையாசிரியையைப் பற்றி நான் வாய்விட்டே சொன்னேன். அது அவர் காதுக்கும் போயிற்று. இரண்டு மாதம் சண்டை போட்டுத்தான் சாவியை வாங்கினேன். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகள் ஆளுக்கொரு கதைப்புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஐந்தாம் வகுப்பில், வயது கடந்து பள்ளிக்கூடம் சேர்ந்த ஒரு குடியானவர் வீட்டுப் பெண் இருந்தாள். அப்பா கிணற்றில் நீர் இறைக்க, இவள் தோட்டத்தில் மடை திருப்ப வேண்டும். கண் புத்தகத்தில் இருந்ததால் ஒரு பாத்தி வெங்காயம் முங்கிப்போயிற்று. அம்மாவிடம் வாங்கிய அடியின் தழும்பைச் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினாள். பெண் பெரியவளானதும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. இவளை மட்டும் விடுவதில்லை என்று மனதுக்குள் வரிந்து கட்டிக்கொண்டேன்.

தொலைந்துபோன தங்கையைத் தேடி ஊர் ஊராக அலையும் ஓர் அக்காவின் கதையை அவள் பாதி படித்திருந்தாள். அப்போது பெரியவளாகிவிட்டாள். மறுநாளே அவள் அம்மா புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்து அட்டையெல்லாம் ஊறியிருந்தது.

"தீட்டோட சரஸ்வதியத் தொடப்படாதுங்க டீச்சர். மன்னிச்சுக்கோங்க."

அன்று சாயங்காலம் அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். வாசலோரம் தென்னங்கீற்றில் குச்சு கட்டி அவளை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். கீற்று இடுக்கில் கண் மட்டும் தெரிந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக்கா தங்கச்சியக் கண்டுபுடிச்சுட்டாளாங்க டீச்சர்?"

ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் அறிவு அதிகமாயிற்றே. முடிவைச் சொல்லாமல் வைத்தால் அந்த ஆசையே இவளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவரும் என்று கணக்குப் போட்டேன்.

"வந்து நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ கண்ணு" என்றேன்.

அவள் இன்னொருமுறை கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன்.

"சீர் முடியட்டுமுங்க, அனுப்பிச்சுப்போடறோம்" என்றாள் அம்மா. நானும் அந்த ஊர்க்காரிதான். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. அனுப்புகிறோம் என்றால் அனுப்பமாட்டோம் என்றும் இருக்கலாம். அது தெரிந்திருந்தும், எனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீடு வந்தேன். அந்தப் புத்தகத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் என் மேஜையிலேயே வைத்திருந்தேன். அவள் வரவில்லை. தை மாதம் காவேரிக் கரையில் எங்கேயோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்க ஓடினேன். அவள் அம்மா வீட்டில் எனக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

நாலு வருஷம் கழித்து, ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போயிருந்தேன். பஸ் ஏறும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க, இந்தப் பஸ்ஸு ஈரோடு போகுதுங்களா?"

எங்கள் கண்ணெதிரே பலகையில் ஈரோடு என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. திரும்பினேன். அவள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என்னை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு என் பார்வை பலகைக்குப் போனதைக் கவனித்துத் தலை குனிந்தாள்.

"எழுத்தெல்லாம் மறந்துபோச்சுங்க டீச்சர். ஊட்டுல படிக்கறதுக்கு ஒரு துண்டுக் காயிதம்கூட இல்லீங்க. நீங்க அத்தன பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தீங்க. மன்னிச்சுக்கோணுமுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். போகும், ஏறிக்கொள் என்று கையை மட்டும் காட்டினேன்.