முன் இருக்கையை விற்ற ஏலக்காரர்

ஏலக்காரருக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. மீன் சந்தை ஒத்துவந்தது. ஐஸ் பெட்டி சுமக்கப் போனவர் கூடை கழுவினார், தராசு பிடித்தார், கடைசியில் ஏலம் கூறும் மேடைமேலேயே ஏறி நின்றார். சிபாரிசு கிடையாது, தூக்கிவிட ஆள் கிடையாது. தொண்டைதான் முதல். அவர் குரல் எடுத்தால் சந்தைக் கூரை அதிரும். ஒருமுறை தகரம் ஒன்று கழன்றே விழுந்தது. ஆணி துருப்பிடித்திருந்தது என்று சிலர் சொன்னார்கள். வயிற்றெரிச்சல்காரர்கள் எந்த ஊரில்தான் இல்லை?

முழங்கால் மக்கர் செய்ததால் சந்தையை விட்டு வீட்டில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தாரே தவிர வாய் உட்காரவில்லை. தலையணை உறையைத் துவைக்கப் போட்டால் அதை ஏலம் விடுவார். வெங்காயத்தை நறுக்கச் சொன்னால் அதற்கும் விலை கேட்பார்.

"ஏங்க, உரிக்கச் சொன்னா உரிங்க. விக்காதீங்க," என்பார் மனைவி.

இப்படி இருந்தவரை ஒரு விடுமுறை நாளில் மகள் பேரப்பிள்ளைகளோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப்போனாள். அங்கே தண்ணீர்ப் படகுக்கு நின்ற வரிசை, கம்பித் தடுப்புகளுக்கு நடுவே, குடல்போலச் சுருண்டு கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு குழந்தை அழ, பக்கத்துக் குழந்தை அதைப் பார்த்து அழ, அழுகை வரிசை முழுக்கத் தொற்றிக்கொண்டது. ஏலக்காரர் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. கம்பியின் அடிக்கட்டைமேல் ஒரு காலை வைத்து ஏறி, வானத்தைக் காட்டினார்.

"இதோ பாருங்க, மேகம். ஒரே மேகம். கிழிசல் இல்ல, ஒட்டுப் போட்டது இல்ல. யாரு கேக்கறீங்க?"

காசு செல்லாது என்று சட்டம் வைத்தார். செய்து காட்ட வேண்டும், அல்லது வாக்குக் கொடுக்க வேண்டும். ஒருவன் தவளைபோலக் குதித்துக் கேட்டான். இன்னொருத்தி ஒற்றைக்காலில் நின்று கேட்டாள். மேகம் விற்றது. நின்றபடியே தூங்கிய ஓர் அப்பாவின் குறட்டையும் விற்றது. அழுகை போன இடம் தெரியவில்லை. அன்று சாயங்காலமே பூங்கா மேனேஜர் அவரைத் தேடி வந்து வேலைக்குக் கூப்பிட்டார். சட்டையில் குத்திய அட்டையில் 'வரிசை உதவியாளர்' என்று இருந்தது. வீட்டில் போய், வரிசைக்கே அதிகாரி என்று சொல்லிக்கொண்டார். அதில் என்ன தப்பு? அவர் இல்லாவிட்டால் அது வரிசையே இல்லை, கும்பல்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வால் பையன், "இனிமே பல்லே தேய்க்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்து, மேனேஜரின் விசிலை ஏலத்தில் எடுத்துவிட்டான். வீட்டுக்குப் போய் வாக்கையும் காப்பாற்றினான். அவன் அம்மா விசிலைத் திருப்பிக் கொண்டுவந்து அலுவலகத்திலேயே கத்தினார்.

"பெரியவரே, இன்னொரு புகார் வந்தா உங்களைச் செருப்பு வைக்கிற இடத்துக்கு மாத்திடுவேன்," என்றார் மேனேஜர். "அங்க போய்ச் செருப்புங்களுக்கு ஏலம் விட்டுக்குங்க."

ஏலக்காரர் சிரித்து மழுப்பினார். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது. செருப்பு அறை பூங்காவின் பின்பக்கச் சந்தில் இருந்தது. அங்கே நின்றால் ஒரு குழந்தை முகம்கூடக் கண்ணில் படாது. அதன்பிறகு வாக்குகளை நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கினார்.

விடுமுறைக் கூட்டம் நெரிந்த ஒரு நாள், படகு ஓடும் கால்வாயில் பம்ப் நின்றுபோனது. மெக்கானிக் உள்ளே இறங்கினார். வரிசை அப்படியே உறைந்தது. ஏலக்காரர் தன் அடிக்கட்டைமேல் ஏறினார். மெக்கானிக்கின் பழைய தொப்பியை விற்றார். ஒரு தும்மலை, தும்முவதற்கு முன்பே விற்றார். பிள்ளைகள் கேட்கக் கேட்க அவருக்குப் பழைய சூடு ஏறிவிட்டது. ஏலம் கூறுகிறவனுக்கு அந்தச் சூடு கள் மாதிரி. கண் முன்னால் எது இருக்கிறதோ அதை விற்றுவிடுவான்.

கண் முன்னால் வெறும் படகு இருந்தது.

"முன் இருக்கை! முதல் தண்ணி முகத்துல அடிக்கிற இருக்கை. யாரு கேக்கறீங்க?"

தவளைக் குதி, கோழிக் கூவல் என்று ஏலம் ஏறியது. வரிசையின் வாலிலிருந்து ஒரு சின்னப் பையன் கையைத் தூக்கினான். அவன் அப்பா இரவு வேலை முடித்து நேரே வந்தவர்போலக் கண் சிவந்து, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியில் சாய்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போறப்ப அப்பாவைத் தூக்கச் சொல்ல மாட்டேன்," என்றான் பையன். "நடந்தே வருவேன்."

மற்றப் பிள்ளைகள் தூக்கிய கையை இறக்கிவிட்டார்கள். அது எவ்வளவு பெரிய விலை என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்." கையைத் தட்டிவிட்டார்.

தட்டின சத்தம் அடங்குமுன் பம்ப் ஓடத் தொடங்கியது. வரிசையின் தலையில் நின்ற மூக்குக்கண்ணாடிப் பெண், பத்து வயதிருக்கும், திரும்பி அவரை முறைத்தாள்.

"தாத்தா, அது என் இடம்."

அவளுடைய அம்மாவும் திரும்பினார். "காலையிலேர்ந்து கால் கடுக்க நிக்கறோம் பெரியவரே. எங்க இடத்தை விக்க நீங்க யாரு? மேனேஜர் எங்க?"

ஏலக்காரர் திரும்பிப் பார்த்தார். வாலிலிருந்து பையன் அப்பாவின் இடுப்பைவிட்டு இறங்கி, கம்பிக்கு அடியில் நுழைந்து வந்துகொண்டிருந்தான். நடந்தே வந்தான். 'விளையாட்டுக்குச் சொன்னேன்டா கண்ணு' என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. மீன் சந்தையில் ஒரு சட்டம் உண்டு. கூறுகிறவன் கைத்தவறுதலாக அடுத்தவன் கூடையை விற்றுவிட்டால், கூடைக்காரன் சொல்கிற விலையைத் தானே கொடுத்து அதை வாங்கி, ஏலம் எடுத்தவனிடம் ஒப்படைக்க வேண்டும். பேரம் கிடையாது. பேரம் பேசினவன் மறுநாள் மேடை ஏற முடியாது.

அவர் அடிக்கட்டையிலிருந்து இறங்கினார்.

"தப்பு என்னோடதும்மா. உன் பொருளை வித்துட்டேன். முன் இருக்கையை மட்டும் கொடு, உன் இடத்துல நீயே நில்லு. என்ன விலை சொல்றே?"

"எதுவா இருந்தாலும் கொடுப்பீங்களா?"

"கொடுப்பேன்."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "காலையிலேர்ந்து நானும் கேக்கறேன். ஒண்ணுகூட எனக்குக் கிடைக்கல. அதனால அடுத்த படகு வர்ற வரைக்கும் நான்தான் ஏலம் விடுவேன். நீங்க வாயே தொறக்கக் கூடாது."

தன் மேடையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காய்ச்சலில் முனகிக்கொண்டு வந்த நாளிலும் பக்கத்து ஆள் கூற விட்டதில்லை. சொந்த மகன் ஒரு நாள் ஆசையாகக் கேட்டபோதுகூட, "தொண்டை முளைக்கட்டும் பாக்கலாம்" என்று துரத்தியவர். இப்போது வாயில் விரலை வைத்து, தலையாட்டினார்.

அம்மாவுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. "நீயா விடப்போறே? சரி, அடுத்த படகுல போலாம்," என்றார். சின்னப் பையன் முன் இருக்கையில் ஏறினான். பின்னாலேயே வந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். படகு நகர்ந்தது.

கண்ணாடிப் பெண் அடிக்கட்டைமேல் ஏறி நாலாபுறமும் பார்த்தாள். விற்க என்ன இருக்கிறது? எல்லாம் விற்றாயிற்று. கடைசியில் விரலை நீட்டினாள்.

"இந்தத் தாத்தா. மீசை இருக்கு. பேச மாட்டாரு. யாருக்கு வேணும்?"

வரிசையே சிரிப்பில் ஆடியது. அவளோ அவசரக்காரி. மூச்சுவிடாமல் சொன்னாள், பாதி வார்த்தையை விழுங்கினாள், மீசையைப் பற்றி இன்னும் நாலு சொல்லி ஏற்றியிருக்கலாம், ஏற்றவில்லை. ஏலக்காரருக்கு உள்நாக்கு வரை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"தூக்கிட்டுப் போறது கஷ்டம். அரை பிஸ்கட்," என்றான் ஒருவன்.

"பழைய தாத்தாதானே? அதுவே அதிகம்," என்றாள் அவன் தங்கை.

அந்த நேரம் பார்த்துத்தானா மேனேஜர் வரவேண்டும்? புகார் என்று யாரோ காதில் போட்டிருக்க வேண்டும், நடையே கோபமாக இருந்தது.

"பெரியவரே, என்ன நடக்குது இங்க? இருக்கையை வித்தீங்களாமே?"

ஏலக்காரர் வாயில் விரலை வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். பதில் சொல்லுங்க. இல்லன்னா இப்பவே செருப்பு அறைக்குக் கிளம்புங்க."

ஒரு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். படகு இன்னும் வரவில்லையே. மேனேஜரின் முகத்தைப் பார்த்தபடி, விரலை எடுக்காமல் நின்றார். போகட்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். செருப்பானாலும் பரவாயில்லை, சொன்ன சொல் செருப்பாகக் கூடாது.

வரிசையின் சிரிப்பை அடக்க மேனேஜர் கையை உயர்த்தினார்.

"ஒரு பிஸ்கட், மேனேஜர் அங்கிள்!" என்றாள் கண்ணாடிப் பெண். "ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்." படார் என்று கையைத் தட்டினாள்.

"ஏய், நான் கேக்கவே இல்லம்மா."

"கை தூக்கினீங்க. தூக்கினா தூக்கினதுதான். எல்லாரும் பாத்தாங்க."

"பாத்தோம்," என்றது வரிசை. அவளுடைய அம்மாவும் சேர்ந்துதான் சொன்னார். மேனேஜர் அவரைப் பார்த்தார். புகார் கொடுக்க வேண்டியவரே சாட்சி சொல்கிறார்.

"வாங்கி நான் இவரை எங்க வைக்கிறது?"

"இங்கயே வைங்க. எங்கயும் தூக்கிட்டுப் போகக் கூடாது," என்றான் அரை பிஸ்கட்காரன்.

மேனேஜர் விசிலைக் கையில் உருட்டினார். திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய், "நாளைக்கு லேட்டா வராதீங்க," என்று மட்டும் குரல் கொடுத்தார்.

படகு வந்து முட்டியது. சொட்டச் சொட்ட நனைந்த சின்னப் பையன் குதித்து இறங்கி, அப்பாவின் கையை விட்டுத் தனியாக நடந்தான். கண்ணாடிப் பெண் அடிக்கட்டையிலிருந்து இறங்கி முன் இருக்கையைப் பார்த்து ஓடினாள். ஏலக்காரர் பெருமூச்சோடு வாயைத் திறந்தார்.

"ஏம்மா, ஒரே ஒரு பிஸ்கட்டுக்கா என்னை வித்தே?"