மீன் தோலும் செல்வியின் குடலும்

இரண்டு வாரம் முன்பு, நண்பர் குமரேசனோடு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அவர் கல்லூரியில் உயிர் வேதியியல் பேராசிரியர். நான் போனது வஞ்சிரம் வாங்க. அவர் வந்தது... வெட்டி எறியும் மீன் தோலுக்கு!

அங்கே ஒரு தனியார் ஷெட்டில் ஏற்றுமதிக்கு மீன் வெட்டுகிறார்கள். எனக்குப் பல வருடப் பழக்கமான செல்விக்கு அங்கேதான் வேலை. தோலைக் கோணியில் அள்ளிப் போட்டபடியே கேட்டாள்.

"இத்த வச்சிகினு இன்னா சார் பண்ணுவீங்கோ?"

குமரேசனுக்கு இது போதாதா? மீன் தோலில் உள்ள புரதத்தை உடைத்தால் பெப்டைடு என்று சின்னச் சின்னத் துணுக்குகள் கிடைக்குமாம். அவற்றில் சில, குடல் வீங்கிப் புண்ணாகி ரத்தமாகப் போகிற வியாதியைத் தணிக்கக்கூடுமாம்.

செல்வியின் கத்தி நின்றுவிட்டது. அவளுக்கு இருப்பதே அந்த வியாதிதான்!

"எனக்குக் கொஞ்சம் குடு சார். வவுத்து வலி உயிர் போவுது."

"இப்ப எலிக்குத்தாம்மா குடுத்துப் பாக்கறோம். மனுஷங்களுக்கு வர எவ்வளவோ வருஷமாகும். டாக்டர் மாத்திரையை விட்டுடாதீங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

"துன்னா வெளிய போவணுமே சார்... இங்க எங்க போறது?"

ஷெட்டில் கக்கூஸ் கிடையாது. அதனால் அங்குள்ள பெண்கள் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் வேலைக்கு வருவார்கள். அதுதான் வழக்கம். செல்வியின் குடல் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படுமா? அடிக்கடி எழுந்து தெருக்கோடிக் கழிப்பறைக்கு ஓடுவாள். இன்னொரு தடவை எழுந்தால் வேலையே கிடையாது என்று முதலாளி மிரட்டியிருந்தார்.

குமரேசன் பேச்சை எலிப் பக்கம் திருப்பினார். வேளைக்குத் தீனி, சுத்தமான கூண்டு... ஒவ்வொன்றும் எத்தனை தடவை போகிறது, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தனி ஆளே உண்டாம். பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

செல்வி சிரித்தாள். "எலி போனா பாக்கறதுக்கு ஆளு கீது. நான் போனா வேல பூடும். நல்லாகீது சார் உங்க நாயம்!"

நான் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

நேற்று மறுபடி போனோம். செல்வியின் இடத்தில் வேறொரு பெண்.

"அது சும்மா எழுந்து எழுந்து போய்கினே இருந்துச்சி சார். நிறுத்திட்டேன்" என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு கக்கூஸ் கட்டித் தொலைச்சா என்னய்யா?" என்று கத்தியேவிட்டேன்.

"வாடகை எடம் சார்" என்றார். குமரேசன் கோணியைக் கட்டி எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், சிக்னலில் நின்றபோது, மெதுவாக ஒரு சேதி சொன்னார். எலிகள் நன்றாகத் தேறி வருகின்றனவாம்.

அதுகளாவது நன்றாக இருக்கட்டும்!